நவம்பரில் திறக்கும் வீடுகள்

சுவிட்சர்லாந்தில் வேலை கிடைத்துப் போகிறவர்களுக்கு முதல் கோடைக்காலம் சுகமாகக் கழிந்துவிடும். ஏரியில் நீச்சல், ரயிலேறி இறங்கினால் மலை, இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். சோதனை நவம்பரில்தான் ஆரம்பம். ஜூரா மலைகளுக்கும் ஆல்ப்ஸுக்கும் நடுவே கிடக்கும் தாழ்ந்த நிலப்பரப்பில்தான் நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வாழ்கிறார்கள். ஜெனீவா, லொசான், பெர்ன், ஜூரிக் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பானைக்கு மூடி போட்ட மாதிரி மூடுபனி அதன்மேல் வந்து உட்கார்ந்தால் நாள்கணக்கில் நகராது. டிசம்பரில் ஜூரிக்கில் சூரியன் உதிக்கக் காலை எட்டு மணி தாண்டிவிடும். மாலை நாலரை மணிக்கெல்லாம் அஸ்தமனம். அலுவலகத்துக்குப் போகும்போதும் இருட்டு, வீடு திரும்பும்போதும் இருட்டு.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. பெரும்பாலும் ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் இருப்பவைதான் திறந்திருக்கும். அடுக்குமாடியில் பொதுச் சலவை அறைக்கு முறை வைத்திருப்பார்கள். அடுத்தவர் முறையில் துணி போட்டால் மறுநாளே கதவில் சீட்டு ஒட்டியிருக்கும். படிக்கட்டில் எதிர்ப்படும் அண்டை வீட்டுக்காரர் மரியாதையாக வணக்கம் சொல்வார், அதோடு சரி. வெளிநாடுகளில் வேலை பார்ப்பவர்களிடம் ஆண்டுதோறும் கருத்துக் கேட்கும் இன்டர்நேஷன்ஸ் அமைப்பின் பட்டியல்களில், உள்ளூர்க்காரர்களோடு நட்பாவது எளிதா என்ற கேள்வியில் சுவிட்சர்லாந்து பலமுறை கடைசி வரிசைகளில் நின்றிருக்கிறது. பாதுகாப்பிலும் ரயில் வசதியிலும் முன்வரிசையில் இருக்கும் அதே நாடுதான்.

சுமார் 90 லட்சம் பேர் வாழும் இந்த நாட்டில் நூற்றுக்கு 27 பேர் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் முதல் குளிர்காலத்தைத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஊரோடு காணொளியில் பேசியே கழிக்கிறார்கள். இது பெரிய இழப்பு. ஏனென்றால் சுவிஸ்காரர்கள் தங்கள் வீட்டையும் தெருவையும் மற்றவர்களுக்குத் திறந்துவிடும் காலமே நவம்பர் முதல் மார்ச் வரைதான். உள்ளே நுழைய வழி ஒன்றே: வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை விட்டு, ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வது.

கிழங்கும் வெங்காயமும்

அந்த வேலை பெரும்பாலும் ஒரு கிழங்கில் தொடங்கும். மேற்பாதி ஊதாவும் கீழ்ப்பாதி வெள்ளையுமான டர்னிப் வகை அது. ஜெர்மன் பேசும் பகுதிகளில் ரேபே என்பார்கள். நவம்பர் தொடக்கத்தில் மழலையர் பள்ளிகளிலிருந்து பெற்றோருக்கு அழைப்பு வரும், இந்த நாளில் கரண்டியும் சிறு கத்தியும் கொண்டு வாருங்கள் என்று. கிழங்கின் தலையை வெட்டி, உள்சதையைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டும். சுவர் விரலகலத்துக்கும் மெலிதாக வந்ததும் ஊதாத் தோலில் நட்சத்திரம், நிலா, குழந்தையின் பெயர் என்று செதுக்குவார்கள். தோல் மட்டும் போக வேண்டும், சுவர் ஓட்டையாகக் கூடாது. உள்ளே சின்ன மெழுகுவர்த்தி வைத்துக் குச்சியில் தொங்கவிட்டால் கிழங்கு முழுவதும் இளஞ்சிவப்பாக ஒளிரும். தெருவிளக்குகளை அணைத்துவிட்டுக் குழந்தைகள் பாடிக்கொண்டே ஊர்வலம் போவார்கள்.

இந்தச் சுரண்டல் லேசான வேலையல்ல. ஒரு கிழங்குக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். அந்த நேரம் முழுக்கக் குட்டி நாற்காலிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர், மொழி வந்தாலும் வராவிட்டாலும் பேசித்தான் ஆக வேண்டும். கத்தி கைமாறும், பிளந்துபோன கிழங்குக்கு மாற்று வரும், மாடிப்படியில் தலையசைத்துப் போன அதே மனிதர் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வார். ஜூரிக் ஏரிக்கரையில் உள்ள ரிக்டர்ஸ்வில் என்ற ஊர் இதைப் பெருவிழாவாகவே நடத்துகிறது. நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை இருபது டன்னுக்கும் மேற்பட்ட கிழங்குகள் அங்கே விளக்காகின்றன. வீட்டு முகப்பு, சன்னல், தேவாலயம் என்று எங்கும் கிழங்கு விளக்குகள்தான்.

அதே மாதத்தின் நான்காம் திங்கட்கிழமை தலைநகர் பெர்னில் வெங்காயச் சந்தை. விடியுமுன்பே, ஐந்து மணி வாக்கில் கடைகள் களைகட்டிவிடும். முரேட்டன் ஏரிப் பக்கத்து விவசாயிகள் வெங்காயத்தைச் சடை சடையாகப் பின்னி, காய்ந்த பூக்கள் சொருகி, டன் கணக்கில் கொண்டுவந்து நாடாளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால் அடுக்குகிறார்கள். 1405ஆம் ஆண்டுத் தீவிபத்தில் பெர்ன் எரிந்தபோது உதவிக்கு ஓடிவந்த ஃப்ரிபூர்க்காரர்களுக்குக் கைம்மாறாகத் தரப்பட்ட உரிமை என்று ஊர்க்கதை சொல்லும். வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்பதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் முரேட்டன் பக்கத்து உழவர் வீட்டுப் பெண்கள் காய்கறி விற்க வந்ததிலிருந்து வளர்ந்தது என்கிறார்கள். எதுவானாலும், விடியற்காலைக் குளிரில் சூடாக விற்கும் வெங்காய அடையை வாங்கிக்கொண்டு, மசாலா போட்டுக் காய்ச்சிய சிவப்பு ஒயினுக்கு வரிசையில் நிற்கும்போது மேலதிகாரி, துப்புரவுப் பணியாளர் என்ற வேறுபாடு அந்தத் தெருவில் இல்லை. பிள்ளைகள் எல்லார் தலையிலும் வண்ணக் காகிதத் துகள்களைக் கொட்டுவார்கள். கோபப்படக் கூடாது.

கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பாசலிலும் மோன்ட்ரோவிலும் ஐன்சீடல்ன் மடாலயத்தின் முன்னாலும் நடப்பவை அழகானவை. ஆனால் அங்கே பேசுவதெல்லாம் வாங்குபவரும் விற்பவரும்தான்.

அதைவிட மேலான வழக்கம் ஒன்று சுற்றுலாக் கையேடுகளில் அவ்வளவாக இடம்பெறுவதில்லை. அதுதான் அட்வெண்ட் சன்னல். டிசம்பர் 1 முதல் 24 வரை, நாளுக்கு ஒரு வீடு வீதம் ஊருக்குள் 24 வீடுகள் ஒப்புக்கொள்கின்றன. ஒவ்வொரு வீடும் ஒரு சன்னலில் தன் நாளின் எண்ணை எழுதிக் காகிதத்தாலோ மரத்தாலோ துணியாலோ அலங்கரித்து விளக்கேற்றும். தன் முறை வரும் மாலையில் அந்த வீட்டார் வாசலில் சூப்பும் தேநீரும் வைத்து அக்கம்பக்கத்தாரை வரவேற்பார்கள். வந்தவர்கள் தங்கள் கோப்பையைத் தாங்களே கொண்டுவருவதும் உண்டு. அரை மணி, ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கலைவார்கள். ஏற்றிய சன்னல்கள் அணைவதில்லை. பல ஊர்களில் ஜனவரி 6 வரை மாலைதோறும் ஒளிரும். சாப்பிட வாருங்கள் என்று அழைக்க மூன்று வாரத்துக்கு முன்பே நாள் குறிக்கும் ஒரு சமூகத்தில், முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலுக்கு அழைப்பில்லாமல் போய் நிற்கக்கூடிய மாலைகள் இந்த 24 மட்டுமே.

கழுதையும் சாக்லேட் பானையும்

டிசம்பர் 6 புனித நிக்கோலஸ் நாள். சாமிக்லவுஸ் என்று ஜெர்மன் பகுதியில் அழைக்கப்படும் இந்தப் பெரியவர், குளிர்பான விளம்பரத்துச் சிவப்புத் தாத்தா அல்ல. காட்டிலிருந்து கழுதையோடு வருவார். கூடவே கருப்பங்கி அணிந்த ஷ்முட்ஸ்லி என்ற துணையாள். பெரியவர் கையில் தடித்த புத்தகம் ஒன்று இருக்கும். குழந்தை இந்த ஆண்டு என்ன நல்லது செய்தது, எங்கே பிடிவாதம் பிடித்தது என்பதெல்லாம் அதில். எழுதிக் கொடுத்தவர்கள் பெற்றோர்தான் என்பது குழந்தைக்குத் தெரியாது. ஒரு சிறு பாட்டை ஒப்பித்தால் வேர்க்கடலை, கமலா ஆரஞ்சு, மசாலா ரொட்டி நிறைந்த பை கிடைக்கும். அன்று ரொட்டிக் கடைகளில் மனித உருவத்தில் சுட்ட கிரிட்டிபென்ஸ் என்ற இனிப்பு ரொட்டியும் உண்டு. வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டுமானால் ஊரிலுள்ள நிக்கோலஸ் சங்கத்திடம் முன்கூட்டியே பதிய வேண்டும்.

ஃப்ரிபூரில் இந்த விழா டிசம்பர் முதல் சனிக்கிழமை. அந்த நகரின் பழைய கல்லூரியான சேன் மிஷேலின் மாணவர் ஒருவர் நிக்கோலஸ் வேடமிட்டுக் கழுதைமேல் வருகிறார். பேராலயத்தின் உப்பரிகையில் ஏறிக் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறார். அந்த ஆண்டு ஊரில் நடந்த கோளாறுகள் எல்லாம் அந்தப் பேச்சில் அடிபடும். லூசர்ன் ஏரிக்கரையில் இருக்கும் குஸ்நாக்டிலோ டிசம்பர் 5 இரவு வேறு மாதிரி. ஆயர் அணியும் தொப்பியின் வடிவில் அட்டையை நுணுக்கமாக வெட்டி, பின்னால் வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றிய ஆளுயரத் தலையணிகளைச் சுமந்து வெள்ளை அங்கிக்காரர்கள் ஆடி ஆடி வருவார்கள். பின்னால் மாட்டுமணிகளை ஒரே தாளத்தில் அசைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கானோர். நடப்பவர்கள் எல்லாரும் ஆண்கள். இந்த நாட்டுப் பழைய விழாக்களில் பெண்களுக்கு இடம் இன்னும் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெண்கள் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையையே 1971இல்தான் பெற்ற நாடு இது.

எஸ்கலாட் என்ற ஜெனீவாவின் குளிர்கால விழா ஒரு போரின் நினைவு. 1602 டிசம்பர் 11க்கும் 12க்கும் இடைப்பட்ட இரவில், சவாய் கோமகன் சார்ல் இம்மானுவேலின் படை ஏணிகளைச் சாத்தி நகர மதிலில் ஏறியது. ஊர் விழித்துக்கொண்டது, மதிலைக் காத்தது. அந்தச் சண்டையில் ஜெனீவாக்காரர்கள் 18 பேர் உயிரிழந்தார்கள். மக்கள் நினைவில் நிலைத்துவிட்டவர் தளபதி எவரும் அல்லர், மேர் ருவாயோம் என்ற குடும்பப் பெண். கொதிக்கும் காய்கறிச் சூப்பைப் பானையோடு எதிரியின் தலையில் கவிழ்த்தார் என்பது கதை. அதனால் டிசம்பர் வந்தால் ஜெனீவாவின் சாக்லேட் கடைகளில் எல்லாம் சாக்லேட்டால் செய்த பானைகள் அடுக்கியிருக்கும். உள்ளே பாதாம் பிசைந்து செய்த குட்டிக் கேரட்டுகளும் பட்டாணிகளும். வீட்டிலும் வகுப்பிலும் அலுவலகத்திலும் கூடியிருப்பவர்களில் மிக இளையவரும் மிக மூத்தவரும் கைகோத்து, குடியரசின் பகைவர்கள் இப்படியே அழிந்தார்கள் என்று பிரெஞ்சில் சொல்லிப் பானையைக் குத்தி உடைக்க வேண்டும்.

மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டவரான நகரம் ஜெனீவா. ஐ.நா. அலுவலகங்கள், அணு ஆய்வுக்கூடமான செர்ன் எல்லாம் அங்கே. செர்ன் வளாகத்தில் 2004இல் இந்தியா அன்பளித்த நடராசர் சிலை நிற்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஆப்பிரிக்கரும் ஆசியரும் தென்னமெரிக்கரும் ஒரே அலுவலகத்தில் இருக்க, மூத்தவர் யார் என்று விசாரித்து அவர் கையையும் புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளரின் கையையும் சேர்த்துச் சாக்லேட் பானையை உடைக்க வைக்கும் அந்த ஐந்து நிமிடம் எந்த அறிமுகக் கூட்டத்தையும்விட உபயோகமானது. அந்த வாரக் கடைசியில் பழைய நகரத் தெருக்களில் 1602 என்ற பெயர்கொண்ட சங்கத்தார் அக்கால உடையில் தீப்பந்தங்களோடு ஊர்வலம் வருவார்கள். வீடுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மோனெத்தியே சந்து ஆண்டுக்கு ஒருமுறை அப்போதுதான் திறக்கிறது. ஓடுகிறவர்களுக்கு 1978 முதல் நடக்கும் எஸ்கலாட் ஓட்டப்போட்டி உண்டு. குடும்பமாக, வேடமிட்டு ஓடும் பிரிவும் அதில் இருக்கிறது.

இரண்டு புத்தாண்டு

வடகிழக்கில் அப்பென்செல் ஆவுஸ்ஸர்ரோடன் மாநிலத்தின் ஊர்னேஷ் போன்ற ஊர்களுக்கு ஆண்டு முடிவு இருமுறை வருகிறது. டிசம்பர் 31 ஒன்று, ஜனவரி 13 இன்னொன்று. 1582இல் போப் கிரெகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த இந்த மலைக்காரர்கள், போப் சொன்ன நாளை ஏற்க மறுத்துப் பழைய ஜூலியன் கணக்கிலேயே இருந்தார்கள். அந்த வீம்பு இன்று விழாவாக நிற்கிறது.

அந்த இரு நாள்களிலும் விடியுமுன் சிறு குழுக்கள் பண்ணை வீடு பண்ணை வீடாகப் பனியில் நடக்கும். மூன்று வகை வேடங்கள். அழகர்கள் தலையில் கிராம வாழ்க்கையின் காட்சிகளை மரப்பொம்மைகளாகச் செதுக்கி வைத்த பெரிய தலையணி இருக்கும். மணிகளும் பாசிகளும் கோத்து அதை முடிக்க மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். கோரர்கள் வைக்கோலும் கொம்பும் பல்லும் வைத்த முகமூடிக்காரர்கள். மூன்றாமவர்கள் பைன் கிளை, பாசி, நத்தை ஓடு என்று காட்டையே உடுத்தி வருவார்கள். வாசலில் வந்து மணிகளைக் குலுக்கிவிட்டு, வட்டமாக நின்று சொற்களே இல்லாத யோடல் என்ற மலைப்பாட்டைத் தாழ்ந்த குரலில் இழைப்பார்கள். வீட்டுக்காரர் சூடான ஒயினை உறிஞ்சுகுழாய் வைத்துக் கொடுப்பார், முகமூடியைக் கழற்றாமல் குடிப்பதற்காக. பிறகு ஒவ்வொருவராகக் கைகுலுக்கிப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லி அடுத்த பண்ணைக்கு நகர்வார்கள்.

இதைக் காணக் கூட்டம் வருகிறது. வருகிறவர்கள் பண்ணைக்காரரின் வாசலில் நிற்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. பாடும்போது பேச்சை நிறுத்தி, கேமராவைத் தாழ்த்திக் கேட்க வேண்டும். ஜனவரி 13 நம் போகியை ஒட்டி வரும் நாள். இரண்டுக்கும் உறவேதும் இல்லையென்றாலும், பழையது கழியும் நாளில் விடியற்காலையில் எழுந்து ஓசை எழுப்புவது தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய சங்கதி அல்ல.

இரு புத்தாண்டுகளுக்கும் இடையில் அலுவலகங்களில் ஜனவரி 6 வரும். அன்று, குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று அரசர்களின் பெயரில் ஒரு ரொட்டி. உருண்டை உருண்டையாகச் சேர்த்துப் பூப்போலச் சுட்டிருப்பார்கள். ஓர் உருண்டைக்குள் சின்ன பிளாஸ்டிக் ராஜா. யாருக்கு அது வருகிறதோ அவர் தலையில் காகிதக் கிரீடம், அன்று முழுக்க அவர் சொல்வதே சட்டம். பழைய வழக்கம் மங்கியிருந்ததை 1950களில் ரொட்டிக் கடைக்காரர்கள் சேர்ந்து நாடு முழுக்கப் பரப்பினார்கள். ஃபொண்டுவின் கதையும் ஏறக்குறைய அதுவே. உருக்கிய பாலாடைக்கட்டியில் ரொட்டியைத் தோய்த்துண்பது ஆதியில் மேற்குப் பகுதியின் பழக்கம். 1930களில் சுவிஸ் சீஸ் ஒன்றியம் விளம்பரம் செய்து செய்து அதைத் தேசிய உணவாக்கியது. விளம்பரத்தால் வந்தது என்பதற்காக அதன் மதிப்பு குறைந்துவிடாது. ஒரே சட்டியைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சாப்பிடும்போது யாரும் விலகி உட்கார முடியாது. சைவர்களுக்கு ஒரு செய்தி: கிரூயேர் போன்ற பாரம்பரியச் சீஸ்களில் பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பைச் சாறு சேர்க்கிறார்கள். சைவ முறையில் உறைய வைத்தவையும் கிடைக்கின்றன. அழைப்பவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

மூடுபனிக்கு மருந்து உயரம். பனிமூட்டத்தின் மேல்மட்டம் பல நாள்களில் ஆயிரம் மீட்டரை ஒட்டியே இருக்கும். அதற்கு மேலே போனால் கண்கூசும் வெயில். லூசர்ன் பக்கத்து ரீகி மலைக்கு 1871 முதல் பல்சக்கர ரயில் ஓடுகிறது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில் அது. ஜூரிக்காரர்கள் காலையில் மலையுச்சிக் கேமராக்களைக் கணினியில் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். பனிச்சறுக்கு தெரிய வேண்டியதில்லை, மேலே நடந்தாலே போதும். இல்லையென்றால் சறுக்குப் பலகையில் உட்கார்ந்து போகலாம். கிராபுண்டன் மாநிலத்தில் ப்ரேடாவிலிருந்து பெர்கூன் வரை குளிரில் மூடிக்கிடக்கும் மலைச்சாலையில் ஆறு கிலோமீட்டர் வழுக்கிக்கொண்டே இறங்கி, ரயிலேறி மறுபடி மேலே வரலாம். இரவிலும் விளக்குப் போட்டிருப்பார்கள்.

பள்ளிகள் நடத்தும் பனிச்சறுக்கு முகாமைப் பற்றிக் குடிவந்த பெற்றோர் பலர் செலவை நினைத்து அஞ்சுகிறார்கள். 2017இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், கட்டாயமாக வரச் சொல்லும் முகாமுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவு மட்டுமே, அதாவது நாளுக்கு 10 முதல் 16 ஃபிராங்க் வரைதான் வாங்கலாம் என்று தீர்ப்பளித்தது. பிள்ளையை அனுப்புங்கள், பனி இருக்கும்போதே. சுவிட்சர்லாந்து உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் வெப்பமாகிவருகிறது. தாழ்ந்த மலைகளில் பனி கிடைக்கும் காலம் சுருங்கிக்கொண்டே போகிறது.

நாலு மணிக்கு அணையும் விளக்கு

எல்லாவற்றுக்கும் மேல் பாசல் நகரின் வேடத் திருவிழா. கிறிஸ்தவர்களின் நோன்பு தொடங்கும் சாம்பல் புதனுக்கு அடுத்த திங்கட்கிழமை, அதிகாலை நான்கு மணி. மார்ட்டின் தேவாலயத்தின் மணி நான்கு அடிக்கும். அந்தக் கணத்தில் மாநகர மின்வாரியம் பழைய நகரின் தெருவிளக்குகள் அத்தனையையும் அணைத்துவிடும். கும்மிருட்டில் ஒரு கட்டளைக் குரல். உடனே நகரின் எல்லா மூலைகளிலிருந்தும் பிக்கோலோ குழல்களும் முரசுகளும் ஒரே அணிநடைப் பாட்டை எழுப்பும். ஆளுயரத்தையும் தாண்டிய விளக்குக் கூண்டுகள் அசைந்து வரும், தலைகளில் சிறு விளக்குகள். மற்ற ஊர்களில் திருவிழா முடிந்து நோன்பு தொடங்கிவிட்ட பிறகு பாசலில் ஏன் ஆரம்பிக்கிறது? 1091இல் திருச்சபை நோன்புக் கணக்கை முன்னுக்குத் தள்ளியபோது பழைய நாளையே பிடித்துக்கொண்டவர்களின் வழி இது என்பது வழக்கமான விளக்கம். நகரம் 1529இல் சீர்திருத்தச் சபைக்கு மாறியபின்னும் விழா விட்டுப்போகவில்லை. சரியாக 72 மணி நேரம். வியாழன் காலை நான்கு மணிக்கு நின்றுவிடும். 2017இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

சுமார் 18,000 பேர் இதில் வேடம் கட்டுகிறார்கள். க்ளிக் என்று அழைக்கப்படும் ஒவ்வொரு குழுவும் அந்த ஆண்டுக்கென ஒரு கருப்பொருளைத் தேர்ந்தெடுக்கும். பெரும்பாலும் அரசியல் கேலி. அதை விளக்குக் கூண்டில் ஓவியமாகவும், துண்டுத்தாள்களில் பாசல் பேச்சுவழக்கில் செய்யுளாகவும் தருவார்கள். திங்கள் மாலையிலிருந்து புதன் காலை வரை அந்தக் கூண்டுகளைப் பேராலயத் திடலில் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். மொழி தெரியாதவர்களும் கண்ணால் படிக்கக்கூடிய கண்காட்சி அது. விடியற்காலையில் வறுத்த மாவுச் சூப்பும் வெங்காய அடையும் எல்லா உணவகங்களிலும். செவ்வாய் மாலை பித்தளை வாத்தியங்களை வேண்டுமென்றே பிசிறடிக்க ஊதும் குக்கன் குழுக்களின் நாள்.

பார்வையாளர்களுக்கும் ஒழுங்கு உண்டு. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வேடமிட்டு வரக் கூடாது. விழாச் சின்னத்தை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். இல்லாதவர் கழுத்துக்குள் ரெப்லி என்கிற காகிதத் துகளைத் திணித்துவிடுவார்கள். அந்தத் துகளும் ஒரே நிறத்தில்தான் இருக்க வேண்டும். பல நிறம் கலந்திருந்தால் தரையிலிருந்து அள்ளியது என்று பொருள். முதல் நாள் இருட்டில் ஃபிளாஷ் போட்டுப் படமெடுப்பவரைச் சுற்றியுள்ளவர்கள் விடமாட்டார்கள்.

குடிவந்தவர்கள் உள்ளே நுழைவது இங்கே சாத்தியமா? சாத்தியம், ஆனால் குறுக்கு வழி இல்லை. பாசல் முரசு பழக ஆண்டுக்கணக்கில் ஆகும். குழுக்கள் சிறுவர்களுக்கென்றே பயிற்சிப் பிரிவுகளை நடத்துகின்றன. எட்டு வயதுப் பிள்ளை சேர்ந்தால் பதின்மப் பருவத்தில் அணிவகுப்பில் நடக்கலாம். எந்த நாட்டுப் பிள்ளை என்பதைவிட வாரந்தோறும் பயிற்சிக்கு வருகிறதா என்பதே அங்கே கணக்கு. இந்த நாடு முழுக்கச் சங்கங்களால்தான் இயங்குகிறது: பாட்டுக்கு, உடற்பயிற்சிக்கு, விளக்கு செய்ய, நிக்கோலஸ் வேடம் போட என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கம். அதில் நாற்காலி மடக்கி வைக்க வருகிறவருக்கு இருக்கும் மதிப்பு, சந்தா மட்டும் கட்டுகிறவருக்குக் கிடையாது.

இதைச் சுவிஸ் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். இலங்கையில் 1983 வன்முறைக்குப் பிறகு வந்து சேர்ந்தவர்களும் அவர்கள் வழியினருமாக இன்று ஏறத்தாழ அரை லட்சம் பேர். முதல் தலைமுறையில் பெரும்பகுதி உணவகச் சமையலறைகளிலும் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் உழைத்தது. விழா நாள்களில்தான் உணவகத்தில் வேலை அதிகம். ஆகவே அந்தத் தலைமுறையில் பலருக்கு இந்த விழாக்கள் கண்ணில் படாமலே போயின. வழி திறந்தவர்கள் பிள்ளைகள். மழலையர் பள்ளியிலிருந்து கிழங்கு விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மா அப்பாவையும் ஊர்வலத்துக்கு இழுத்தார்கள். இன்று அதே பிள்ளைகள் பள்ளி விடுமுறையான புதன் பிற்பகலில் தமிழ் வகுப்பு, மார்கழியில் கோயிலில் திருவெம்பாவை, தைப்பொங்கல் என்று இன்னொரு குளிர்காலத்தையும் சேர்த்தே வாழ்கிறார்கள். பெர்னில் 2014 டிசம்பரில் திறந்த சமயங்களின் இல்லத்தில் சைவக் கோயில், மசூதி, தேவாலயம், பௌத்த மண்டபம், அலெவிகளின் கூடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் உள்ளன. அதே கட்டடத்தில் வணக்கம் என்ற பெயரிலேயே ஒரு சைவ உணவகமும் உண்டு. அங்கே சாப்பிட வருகிறவர்களில் சுவிஸ்காரர்கள் ஏராளம். தங்கள் வாசலைத் திறந்துவைத்துத்தான் தமிழர்கள் பெர்னுக்கு அறிமுகமானார்கள்.

குடியுரிமை கேட்கும் நாளிலும் இதெல்லாம் கணக்கில் வரும். 10 ஆண்டு வசித்திருக்க வேண்டும். 2018 முதல் நிரந்தர வசிப்புக்கான சி அட்டையும், பேச்சில் பி1, எழுத்தில் ஏ2 அளவு மொழித் தேர்ச்சியும் கட்டாயம். அதோடு ஊரின் வாழ்க்கையில் பங்கெடுக்கிறாரா என்பதும் பார்க்கப்படும். விண்ணப்பத்தை முதலில் பரிசீலிப்பது பெரும்பாலும் அவர் வசிக்கும் ஊராட்சியே. எந்தச் சங்கத்தில் இருக்கிறீர்கள், அண்டை வீட்டார் யார் யார் என்ற கேள்விகளுக்கு நேர்காணலுக்கு முந்தின வாரம் விடை தேடிப் பயனில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை இந்த ஆண்டு ஜூரிக்குக்கோ ஜெனீவாவுக்கோ வேலைக்குப் போகிறதென்றால், தடித்த கோட்டும் பனிக்காலணியும் வாங்கிக் கொடுப்பதோடு இதையும் சொல்லி அனுப்புங்கள். அக்டோபரிலேயே ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்து, அட்வெண்ட் சன்னல் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு ஒரு தேதிக்குப் பெயர் கொடுக்கட்டும். அன்று சன்னலில் எண்ணை ஒட்டி, ஒரு பெரிய பாத்திரம் நிறைய இஞ்சித் தேநீரோ மிளகு ரசமோ வைத்துக் கதவைத் திறக்கட்டும். ஆறு மணி என்று எழுதியிருந்தால் அக்கம்பக்கத்தார் சரியாக ஆறு மணிக்கு வந்துவிடுவார்கள்.